பொங்கலுக்கு வெள்ளை அடித்த கதை

மார்கழி இருபது தேதி தாண்டிவிட்டால் போதும், காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். பெட்டி, பாய், முக்காலி, சாமி படம், பரணில் கிடந்த அண்டா குண்டா எல்லாம் வெயிலில் காயும். பின்கட்டில் ஒரு தகர டின்னில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருக்கும், அடுப்பே இல்லாமல்! சின்னப் பிள்ளைகள் கிட்டே போனால் திட்டு விழும். வாலாஜாபாத்துக்கு அருகில், ஏரியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தென்னேரியிலும் சரி, அதே மாவட்டத்தில் தெற்கே இருக்கும் உத்திரமேரூரிலும் சரி, பொங்கல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கரும்பு அல்ல, வெள்ளை அடிப்பதுதான்.

இன்று தொலைக்காட்சியில் 'ஹோம் மேக்ஓவர்' என்று ஒரு வீட்டை ஒரே வாரத்தில் தலைகீழாக மாற்றிக் காட்டுகிறார்கள். 'டூ இட் யுவர்செல்ஃப்' என்ற பேச்சு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலானது. அங்கே கூலி ஏறியது, ஆள் கிடைக்கவில்லை, ஆகவே மக்கள் தாங்களே தூரிகையைக் கையில் எடுத்தார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டிய வேலை, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சாதாரண வேலைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. யாருக்குச் சுவர் இருந்தது, யாருக்கு இல்லை என்ற கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் சுண்ணாம்பைப் பார்த்துவிடலாம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் கரியோடு அடுக்கிச் சுடுவார்கள். சுமார் 900 டிகிரி வெப்பத்தில் அதற்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் தானாகவே சூடாகிக் கொதிக்கும். தகர டின்னில் அடுப்பில்லாமல் கொதித்தது இதுதான். இப்படி நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடித்தால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது. ஆக, வெள்ளை அடித்த சுவரின் மேல் மெல்லிசாக ஒரு கல் படலம் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு படலம். ஐம்பது வருடத்துப் பழைய வீட்டில் ஆணியால் சுரண்டிப் பார்த்தால் மரத்தின் வளையங்களைப் போல இந்த அடுக்குகளை எண்ணலாம்.

இதில் கடைச்சரக்கு மிகக் குறைவு. சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்காகக் கொஞ்சம் உப்போ, சோற்றுக் கஞ்சியோ, வேலம்பிசினோ சேர்ப்பார்கள். தாழை விழுதின் நுனியையோ தென்னை மட்டையையோ தட்டி நசுக்கினால் அதுவே பிரஷ். ஆண்கள் ஏணியில் ஏறி மேல் சுவரை அடிப்பார்கள், பிள்ளைகள் கை எட்டிய வரை கீழே அடிப்பார்கள் (பாதி தரையில்தான் இருக்கும்). தரையைச் சாணம் போட்டு மெழுகுவதும், வாசல்படியிலும் திண்ணை ஓரத்திலும் காவிப்பட்டை இழுப்பதும் பெண்கள் வேலை. கடைசியில் கோலம். இத்தனைக்கும் மொத்தச் செலவு சுண்ணாம்பு வாங்கிய காசு மட்டும்.

வெறும் அழகுக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. சுண்ணாம்பு கடுமையான காரம். கிருமிகளும் பூச்சிகளும் அதில் எளிதில் பிழைப்பதில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது அரசாங்கம் வீடு வீடாகச் சுண்ணாம்பு அடிக்க வைத்தது இதனால்தான். அதே காரம் மனிதனையும் சும்மா விடாது. கை வெடிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். 'ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு' என்ற பழமொழியை உண்டாக்கியவர் கட்டாயம் ஒருமுறையாவது ஏணியில் நின்று அண்ணாந்து வெள்ளை அடித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சுதை என்ற சொல் சங்க காலத்திலேயே இருக்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவர் வெண்சுதை பூசப்பட்டதாக வருகிறது. ஊர்ப் பெயர்களும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பாறு, சென்னைக்குத் தெற்கே சுண்ணாம்பு கொளத்தூர். சென்னை வட்டாரத்தின் கிளிஞ்சல் பெரும்பாலும் பழவேற்காடு, எண்ணூர் கழிமுகங்களில் இருந்து வந்தது. அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் 'மதராஸ் சுண்ணம்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது என்றால் மிகையாகாது. கோட்டையையும் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளையும் பார்த்த பயணிகள், இது சலவைக்கல்லா, பூச்சா என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர் 1730-களின் தொடக்கத்தில் இந்தக் கலவையின் செய்முறையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். மணல், சுண்ணாம்பு, வெல்லம் கரைத்த தண்ணீர், பயறு வேகவைத்த கஞ்சி, கடுக்காய் வேகவைத்த நீர். மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, நெய், தயிர். படித்தால் கட்டடக் குறிப்பு மாதிரி இல்லை, சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது! ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வெல்லம் சுண்ணாம்பை அதிகம் கரைய வைத்து, மெதுவாக இறுக வைக்கிறது. நெய்யின் கொழுப்பும் முட்டையின் புரதமும் மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கின்றன.

சேப்பாக்கம் அரண்மனை 1768-இல் கட்டப்பட்டது. கட்டியவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. தென்னேரிக்குப் பக்கத்து ஊரான வாலாஜாபாத்தின் பெயர் அவருடையதுதான். அந்த அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. இடித்துவிடுவார்கள் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் பொதுப்பணித்துறை அதைப் பழைய முறையிலேயே சுண்ணாம்புக் கலவையைக் கொண்டு புதுப்பித்தது. கடுக்காயும் வெல்லமும் மறுபடியும் அரசாங்கக் கொள்முதல் பட்டியலில் ஏறின.

நவாபுக்கு முட்டையும் நெய்யும் சேர்த்த சுண்ணம். கிராமத்தில் நில உரிமையாளருக்குக் கஞ்சி சேர்த்த சுண்ணாம்பு. மற்றவர்களுக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட உத்திரமேரூர் கல்வெட்டுக்குப் போக வேண்டும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 முதல் 921 வரையான ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அதில் உறுப்பினர் ஆவதற்குரிய தகுதிகளில் வயது 35 முதல் 70 வரை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்னொன்று அவ்வளவாக நினைவிருக்காது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். அதாவது ஊர்க் காரியத்தில் பேச வேண்டுமானால் காலடியில் இருக்கும் மண் உன்னுடையதாக இருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலச் சபை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதற்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்து, 1891-இல், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். (காஞ்சிபுரமும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.) அதில் அவர் அழுத்திச் சொன்ன விஷயங்களில் ஒன்று வீட்டுமனை. சேரிக் குடிசை நின்ற இடத்தைக்கூட மிராசுதார் தன்னுடையது என்று சொல்ல முடிந்தது. வேலைக்கு வர மறுத்தால் குடிசையைக் காலி செய் என்று மிரட்ட முடிந்தது. இந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது அதுதான்.

இப்போது வெள்ளை அடிப்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். நாளைக்கே துரத்தப்படலாம் என்ற இடத்தில் யார் செங்கல் சுவர் எழுப்புவார்கள்? சுவர் இல்லாத இடத்தில் சுண்ணாம்புக்கு என்ன வேலை? பனை ஓலைக் குடிசையில் வருடா வருடம் செய்வது கூரை மாற்றுவதுதான். அதுவும் சொந்தக் கையால் செய்யும் வேலைதான், ஆனால் சுவரைப் போல அது அடுக்கு அடுக்காகச் சேர்ந்துகொண்டே போவதில்லை. பழைய ஓலை போய்விடும், புது ஓலை வரும், பத்து வருடம் கழித்தும் வீடு அதே இடத்தில்தான் நிற்கும். பழைய காலத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாக வெள்ளை அடித்தார்கள் என்று பொங்கல் மலர்களில் எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

வருடா வருடம் சொந்தக் கையால் பழுது பார்ப்பது வீட்டோடு நிற்கவும் இல்லை. ஏரிக்கும் அதே முறைதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருக்கிறது. கரையை உயர்த்துவது, தூர் வாருவது எல்லாம் ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து. ஆங்கிலேய அரசு 1858-இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. பிறகு ஏரி பொதுப்பணித்துறையின் பொறுப்பாக மாறி, ஊரார் கை விலகியது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரி.

வீட்டிலும் கை விலகிய கதை உண்டு. அது நீலத்தில் தொடங்குகிறது எனலாம். சுண்ணாம்பு நாளாக ஆக லேசாக மஞ்சளடிக்கும். அதில் ஒரு சிட்டிகை நீலம் கலந்தால் கண்ணுக்குப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இந்த நீலம் முன்பு ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்த, தங்கத்தோடு போட்டி போடும் விலையுள்ள வண்ணம். அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் 1824-இல் அறிவித்தார்கள். 1828-இல் கிமே என்பவர் அதை வென்றார். அரசர்களின் ஓவியத்தில் இருந்த வண்ணம் இப்படித்தான் வேட்டிக்கும் சுவருக்கும் வந்தது. காரத்தில் நிறம் மாறாது என்பதால் சுண்ணாம்போடு அதற்கு ஒத்துப்போயிற்று. ஆனால் அதைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

பிறகு டிஸ்டெம்பர், ஸ்னோசெம், எமல்ஷன் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஏசியன் பெயிண்ட்ஸ் 1942-இல் பம்பாயில் நான்கு நண்பர்கள் தொடங்கிய நிறுவனம். 1954-இல் ஆர்.கே. லக்ஷ்மண் அதற்காக 'கட்டு' என்ற குறும்புப் பையனை வரைந்தார். கையில் பிரஷ், நெற்றியில் விழும் முடி. நகரத்துக் கடைகளில் மட்டும் கவனம் வைக்காமல் சிறு ஊர்களுக்கும் சின்ன டப்பாக்களில் பெயிண்ட் கொண்டு சேர்த்ததுதான் அந்த நிறுவனத்தின் வெற்றிக்குக் காரணம் என்று நிர்வாகவியல் பாடங்களில் சொல்வார்கள். மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கும் மாட்டுப் பொங்கலை நினைத்துப் பார்த்தால் சின்ன டப்பாவின் அருமை புரியும். 2005-இல் அதே நிறுவனம் திருப்பெரும்புதூரில் பெரிய தொழிற்சாலை திறந்தது. தென்னேரிக்கு அது ஒன்றும் தூரம் இல்லை.

பி.காம். நண்பர்களுக்கு ஒரு விஷயம். கணக்குப் பதிவியலில் வருவாய்ச் செலவுக்கு உதாரணம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் விடை 'கட்டடத்துக்கு வெள்ளை அடித்த செலவு'. அதன் பயன் அந்த ஆண்டோடு முடிகிறது, ஆகவே அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் போய்விடும். கிராமத்து வீட்டில் இது பாடமாக அல்ல, நடைமுறையாகவே இருந்தது. சின்னச் செலவு, ஒவ்வொரு தையிலும். பெயிண்ட் வந்த பிறகு கணக்கு மாறியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய செலவு, பெயிண்டருக்குக் கூலி, பட்டி பார்க்க ஆள், பல சமயம் கடன். நடு நடுவே பொங்கல் வரும், போகும், சுவர் அப்படியே இருக்கும். இதை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. வருடா வருடம் ஏணியில் ஏற வீட்டில் ஆள் இல்லை. ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் போகி அன்றுதான் விடுமுறை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2010-இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது என்ற இலக்கோடு வீட்டுக்கு 75,000 ரூபாய் கொடுத்தது. அடுத்து 2011-இல் 300 சதுர அடியில் பசுமை வீடு, 2024-இல் மூன்றரை லட்சம் ரூபாயில் கனவு இல்லம். ட்ரெமன்ஹீர் அறிக்கையில் வரும் மக்களின் கொள்ளுப் பேரன்களுக்கு முதன்முதலாகப் பட்டா உள்ள மனையும் நிமிர்ந்து நிற்கும் சுவரும் கிடைத்தது இப்படித்தான். அந்தச் சுவருக்கு அவர்கள் ரோஸ், பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்தால், நகரத்து ஆட்கள் 'ரசனை இல்லை' என்கிறார்கள். பல தலைமுறையாகச் சுவரே இல்லாதிருந்தவர் எந்த நிறம் அடித்தால் என்ன? சிமெண்ட் சுவருக்குச் சிமெண்ட் பெயிண்டும் எமல்ஷனும் பொருந்தவும் செய்யும்.

சிக்கல் பழைய வீடுகளில்தான். மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்த ஈரத்தை மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டுவிடும். சுண்ணாம்புப் படலத்தில் நுண்ணிய துளைகள் இருப்பதால் இது நடக்கிறது. அதன் மேல் சிமெண்ட் பூசி, புட்டி வைத்து, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழி இல்லை. முதல் இரண்டு வருடம் வழவழவென்று இருக்கும். பிறகு இடுப்பளவு உயரத்தில் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிரும். கடைக்காரர் இன்னும் விலை உயர்ந்த பெயிண்டைக் காட்டுவார். அதுவும் உதிர்ந்ததும் 'பழைய சுவர், இனி தாங்காது' என்று தீர்ப்பு வரும். இப்படி இடிந்து போன ஓட்டு வீடுகள் எத்தனையோ. சுவரின் மேல் குற்றமே இல்லை.

கோயில்களில் இதற்கு நேர்மாறான தவறு நடந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால ஓவியங்கள் பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்து கிடந்தன. 1931-இல் புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் அவற்றை வெளிக்கொண்டு வந்தார். அங்கே மேலே பூசிய அடுக்கை மெல்ல எடுத்ததில் லாபம். ஆனால் பல கோயில்களில் குடமுழுக்குக்காகக் கல் சுவரில் படிந்த வெள்ளையை எடுக்கிறேன் என்று மணல் வீச்சு முறையில் அடித்து, கல்வெட்டு எழுத்தையும் சிற்பத்தின் மூக்கையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பின்னர் இந்த முறைக்குத் தடை வந்தது.

மரச் சாமான்களுக்கும் இதே கதிதான். பழைய தேக்குக் கதவில் வருடத்துக்கு ஒரு கோட் எனாமல் பெயிண்ட் ஏறி, செதுக்கிய பூ வேலைப்பாடு வெறும் மேடு பள்ளமாகத் தெரியும். முன்பு உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் முந்திரித் தோல் எண்ணெய் தடவுவார்கள். கரையான் அண்டாது. கதவுக்கும் நாற்காலிக்கும் எண்ணெய்த் துணியால் துடைப்பே போதுமானதாக இருந்தது. எனாமலை நீக்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அடியில் மரம் அப்படியே இருக்கும். பொறுமைதான் வேண்டும். போகியன்று தெருவில் எரிகிற சாமான்களில் பாதி, ஒரு கால் ஆடுகிற குற்றத்துக்காக மட்டும் எரிக்கப்படுபவை. 2018 போகியில் சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாகின. அதில் டயரின் பங்குதான் பெரிது என்றாலும் ஆடுகிற முக்காலியும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்!

இந்தப் பொங்கலுக்குப் பழைய சுண்ணாம்புச் சுவரில் கை வைக்க நினைப்பவர்கள் முதலில் பிளாஸ்டிக் பெயிண்டையும் சிமெண்ட் ஒட்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை நன்றாகக் காயவிட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு எத்தனை நாள் தண்ணீரில் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கைக்கு உறை கட்டாயம். அடிப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கலவை மோர் அளவுக்கு நீர்த்து இருந்தால் போதும். புதிதாக அடிப்பவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். அடித்தவுடன் சுவர் வெள்ளையாகவே தெரியாது, பழைய கறை எல்லாம் அப்படியே தெரியும். கலவை போதவில்லை என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் கரைத்து அப்புவார்கள், அது காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக விழும். மெல்லிசாக ஒரு கை அடித்துவிட்டு விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வெளுத்திருக்கும். அதற்கு மேல் இரண்டாவது கை.